டாக்டரைக் கேளுங்க: ஐசியூல ஏன் குப்புற படுக்க வைக்கிறாங்க?

கே: எங்க மாமாவுக்கு கடுமையான நிமோனியா, வென்டிலேட்டர்ல இருக்கார். அவரை குப்புற படுக்க வெச்சிருக்காங்க, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. மூச்சுக்குழாய் போட்ட ஆளை இப்படி கவுத்துப் போடலாமா சார்?

ப: போடலாம்மா, அவர் நிலைமைக்கு அது சரியான வைத்தியம்தான். மல்லாக்க படுத்திருந்தா நீர் கோத்து கனமான நுரையீரலும் இதயமும் முதுகுப்பக்க காற்றறைகளை அமுக்கிடும், ரத்தம் அங்க ஓடும் ஆனா காத்து போகாது, குப்புற போட்டா அந்த அறைகள் திறந்துக்கும், ஆக்சிஜன் ஏறும். 2013ல வெளியான, பிரான்ஸ் டாக்டர் கிளாட் கெரின் குழு பெரும்பாலும் அந்த நாட்டு ஐசியூக்கள்ல நுரையீரல் கடுமையா பாதிச்ச 466 பேரை வெச்சு பண்ணின ப்ரோசேவா ஆய்வுல, மல்லாக்கவே இருந்தவங்கள்ல 28 நாளுக்குள்ள 32.8 சதவீதம் பேர் இறந்தாங்க, ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது 16 மணி நேரம் குப்புற போட்டவங்கள்ல 16 சதவீதம்தான். பாதிக்குப் பாதி! ஐசியூ ஆராய்ச்சில இப்படி ஒரு வித்தியாசம் ரொம்ப அபூர்வம்.

ஆனா இது லேசான வேலை இல்ல. நாலஞ்சு பேர் சேர்ந்து திருப்புவாங்க, ஒருத்தர் தலைமாட்டுல நின்னு ட்யூப் நழுவாம பிடிச்சுக்கிறதே முழுநேர வேலை. புண்ணு வராம இருக்க முகத்தை அப்பப்ப பக்கம் மாத்தி வைப்பாங்க. முகவீக்கம் நிமிர்த்தின பிறகு பெரும்பாலும் வடிஞ்சிடும். நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது, திருப்பின பிறகு ஆக்சிஜன் தேவை குறைஞ்சுதா, நிமிர்த்தின பிறகும் அந்த முன்னேற்றம் நீடிக்குதா, இந்த ரெண்டும்தான்.