கோவை, திருப்பூர்ப் பக்கம் சிபிஐ (இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி), சிபிஎம் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி), எம்எல் (மார்க்சிஸ்ட்–லெனினிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி) தொழிற்சங்கங்களை எப்படிப் பிரித்தறிவது?

மில் வாசலிலோ பனியன் கம்பெனி வாசலிலோ உள்ள சங்கப் பலகையைப் பாருங்கள். ஏஐடியூசி என்றால் சிபிஐ, சிஐடியூ என்றால் சிபிஎம், ஏஐசிசிடியூ என்றால் எம்எல் குழுக்களில் ஒன்றான லிபரேஷன்.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி சிபிஐ, சிபிஎம் என்று உடைந்ததற்கு முக்கியக் காரணம், காங்கிரசை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி. சோவியத்–சீன மோதலும் சேர்ந்துகொண்டது. தொழிற்சங்கம் உடனே பிரியவில்லை. சிஐடியூ பிறந்தது 1970இல்தான். இதைக் கவனிக்காதவர்கள் அறுபதுகளின் மில் போராட்டங்களைத் தப்பான கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

1969இல் சிபிஎம்மிலிருந்து பிரிந்து வந்த எம்எல் பல குழுக்களாகச் சிதறியது. வெறும் 'எம்எல்' என்றால் எந்தக் குழு என்று கேளுங்கள்.

1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட கோவையை அடுத்த சின்னியம்பாளையத்தின் மில் தொழிலாளர் நால்வரோ இந்தப் பிளவுகளுக்கு முந்தையவர்கள். அவர்களை ஒரே கட்சிக்கு உரிமையாக்குவது அநியாயம்.