பலகை பிடித்து நிற்கும் தாத்தா: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் கணவர் அமெரிக்க விமானப்படையில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். இரண்டு வருஷமாக ஜப்பானின் ஒகினாவா தீவில், கடேனா விமானத் தளத்துக்குள் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. கணவர் பாதி நாள் வெளியூர் டியூட்டியில் இருப்பார். ஊரில் எல்லோரும் "உனக்கென்னடி, கடலும் மணலுமா இருக்கே" என்கிறார்கள். எனக்கோ துணி காயாத ஈரத்தோடும் சுவரில் பூக்கும் பூஞ்சையோடும்தான் பொழுது போகிறது. மகளை மதியம் தூங்க வைத்த கையோடு ஒரு ஜெட் கிளம்பும், எல்லாம் போச்சு.

நான் எழுத வந்தது அதுவல்ல. போன வாரம் கேட்டைத் தாண்டி கார் வெளியே வந்தபோது ஒரு வயதானவர் ஏதோ எழுதிய பலகை பிடித்துக்கொண்டு நின்றார். மகன் "அந்தத் தாத்தா ஏன் நிக்கிறாங்க? நம்ம மேல கோவமா?" என்று கேட்டான். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அவனுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? இன்னும் ஒரு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவோம், அவனுக்கு எதுவும் ஞாபகம்கூட இருக்காது. எதற்கு வம்பு என்றும் தோன்றுகிறது. இந்த வாழ்க்கையை எழுத வேண்டும் என்று ஆசை. எழுதலாமா?

நி.

அன்புள்ள நி.,

உங்கள் கணவர் அடுத்து எங்கே, எந்தத் தேதியில் போகிறார் என்று எழுதியிருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன். ராணுவக் குடும்பத்துக்காரர் பொதுவில் அதை எழுதக்கூடாது. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆதங்கத்தில் வந்துவிட்டது.

முதலில் அந்தத் தாத்தா. உங்கள் பையன் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறான், இரண்டாவதுதான் அவனுக்கு அவசரம். அதற்குப் பதில், "உன் மேல இல்லப்பா." இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொன்னாலும் கெட்டுப்போகாது.

ஏன் நிற்கிறார் என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "பிளேன் சத்தத்துல பாப்பா எழுந்து அழுவாளே, அந்தத் தாத்தா வீட்டுலயும் அந்தச் சத்தம் கேக்குது. அது வேணாம்னு சொல்றதுக்குத்தான் நிக்கிறாங்க." ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். இதில் பொய் எதுவும் இல்லை. கடேனாவைச் சுற்றி இருப்பவர்கள் இந்தச் சத்தத்துக்காக 1982இல் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகும் புதிது புதிதாகப் போட்டிருக்கிறார்கள். நீதிமன்றம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்கிறது, பறப்பதை நிறுத்தச் சொல்வதில்லை. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த மதியத் தூக்கத்துக்காக வேலிக்கு வெளியே தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். உங்களுக்கு மூன்று வருஷம், அவர்களுக்கு ஆயுசு முழுக்க.

பையன் கொஞ்சம் வளர்ந்து மறுபடி கேட்டால் நிலத்தைப் பற்றிச் சொல்லலாம். 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை கரையேறியது நீங்கள் வாரக் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அதே மேற்குக் கரையில்தான். ஜூன் கடைசிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தப்பித்தவர்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது பலருக்கு வீடு இருந்த இடத்தில் ஓடுபாதையும் கம்பி வேலியும் இருந்தன. தீவு ஜப்பானிடம் திரும்பி வந்தது 1972 மே 15இல். வேலி அப்படியே இருந்தது. இன்றும் கடேனா ஊரின் பரப்பில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் ராணுவத் தளம்தான். மிச்சத்தில்தான் ஊர்க்காரர்கள் வீடு கட்டி, கடை வைத்து, பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். ஜப்பானின் நிலத்தில் 0.6 சதவிகிதம்தான் ஒகினாவா. ஆனால் ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுமார் 70 சதவிகிதம் அங்கே இருக்கிறது.

பையனிடம் இப்போது சொல்ல வேண்டாம், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1959 ஜூன் 30 காலை, கடேனாவிலிருந்து கிளம்பிய போர் விமானம் ஒன்று இஷிகாவாவில் மியாமோரி ஆரம்பப் பள்ளியின் மேல் விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பித்தார். பள்ளிப் பிள்ளைகள் 11 பேரும் ஊர்க்காரர் 6 பேரும் செத்தார்கள். அன்று அந்த வகுப்புகளில் இருந்து பிழைத்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். கேட்டில் நின்றவர் அவர்களில் ஒருவர் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதுக்காரர் ஒருவர் அங்கே நின்றால் அவருக்குப் பின்னால் எவ்வளவு இருக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் கணவர் கூப்பிட்ட இடத்துக்கு வேலைக்கு வந்தவர். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு நீங்கள் சரித்திரத்துக்கு ஜவாப் சொல்ல முடியாது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டாமல் இருக்க முடியும், அவ்வளவுதான்.

என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளான எங்களுக்கு வேலிக்கு வெளியே இருந்ததெல்லாம் "சிவில்". அங்கே யார் இருக்கிறார்கள், நம்மை என்ன நினைக்கிறார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாத இடத்தை நாங்களே நிரப்பிக்கொண்டோம். வெளியே போனால் பிள்ளை பிடிப்பவன் பிடித்துக்கொள்வான் என்று ரொம்ப நாள் நம்பினேன். ஞாபகம் இருக்காது என்கிறீர்களே, ஊர்ப்பெயர் மறந்துபோகும். அந்தப் பயம் மறக்காது.

ஆகவே கேட்டுக்கு வெளியே அடிக்கடி போங்கள். சுற்றுலாவாக வேண்டாம். தம்பி ஒகினாவாவிலேயே ஒன்னா என்ற ஊரில் வேலை பார்த்தபோது அவன் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். அங்குள்ள பூங்காக்களில் மலைச்சரிவு நெடுக உருளைகள் வைத்த சறுக்கு மரங்களைப் பார்த்து அசந்துபோனேன். ஒகினாவா அம்மாக்கள் உட்கார்ந்து சறுக்க அட்டை கொண்டுவருவார்கள். அட்டை இல்லாத பிள்ளைக்கு ஒன்று கொடுப்பார்கள், மொழி தேவைப்படாது. சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். உங்கள் பையனுக்கு ஒலிபெருக்கி பழக்கம்தான். தளத்துக்குள் கொடி ஏற்றும்போது இரண்டு நாட்டு கீதமும் ஒலிக்க, நடப்பதை நிறுத்தி நிற்கிறவன். இதற்கு மட்டும் ஓடலாம் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவான்.

சந்தைக்கும் போங்கள். பாகற்காய் அங்கே தினப்படி காய், முட்டையும் டோஃபுவும் போட்டு வதக்குவார்கள். எந்தக் காய் பிஞ்சு என்று விரலால் அழுத்திப் பார்ப்பதில் நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏப்ரல் வாக்கில் ஷீமி வரும். ஆமை ஓடு மாதிரி முதுகு வளைந்த பெரிய கல்லறைகளின் முன்னால் குடும்பமே பாய் விரித்து, படைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும். குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டு வருகிற நமக்கு அது விநோதமாகத் தெரியாது. சில கல்லறைகள் தளங்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் அனுமதி வாங்கித்தான் தங்கள் தாத்தாவைப் பார்க்க உள்ளே வருகின்றன. பையனுக்குக் காட்டுங்கள், தூரத்திலிருந்து. இந்த இடம் யாருடையது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

எழுதலாமா என்றால், எழுதுங்கள். ஆனால் கடலை எழுதாதீர்கள், அதை எழுத ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். புயலை எழுதுங்கள், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே எப்போதும் டீகோர் (தளத்தின் புயல் எச்சரிக்கை எண்) நாலு. புயல் நெருங்க நெருங்க மூன்று, இரண்டு, ஒன்று. உங்கள் பிள்ளைகள் எண்களை இறங்கு வரிசையில்தான் முதலில் கற்றிருப்பார்கள். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது, சைக்கிளையும் பூந்தொட்டியையும் உள்ளே இழுத்துப் போடுவது, கான்கிரீட் வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகளோடு அடைந்து கிடப்பது. இதற்கு நடுவில் ஒன்று நடக்கும். விமானங்களைப் பத்திரமான ஊருக்குப் பறக்கவிட்டுவிடுவார்கள், அதோடு பராமரிப்பு ஆட்களும் சிலர் போக வேண்டியிருக்கும். விமானம் கிளம்பிவிடும், மனைவியும் பிள்ளைகளும் புயலோடு இருப்பார்கள். இதைத் தமிழில் எழுத உங்களைப் போல நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். பூஞ்சையையும் விட்டுவிடாதீர்கள். அலமாரிக்குள் தோல் செருப்பு பச்சையாகிக் கிடப்பதை நானே பார்த்தேன்.

இன்னொன்று. தீவின் தெற்கே இதோமானில், அந்த 1945 போரில் இறந்தவர்களின் பெயர்களை எதிரி, நண்பன் பாராமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1995இல் திறந்தது, 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அமெரிக்கர்களும் அதில் உண்டு. நீங்கள் ஒருநாள் போக வேண்டும். ஜூன் 23 வேண்டாம், அன்று அந்தக் குடும்பங்கள் பூ கொண்டுவரும் நாள். வேறொரு நாளில், முடிந்தால் கணவரோடு.

அவரிடம் அந்தத் தாத்தாவைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பையன் அவரிடமும் கேட்பான். நீங்கள் ஒன்று சொல்லி அவர் வேறு சொன்னால் விடியவிடியக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவான். முதல் அத்தியாயம் எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.