சாதாரண சீக்வென்சரில் (சுரங்களை வரிசைப்படுத்தி ஒலிக்கவைக்கும் மென்பொருள் அல்லது கருவி) பியானோ கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரங்களை எப்படி ஒலிக்கவைப்பது?

ஒரு ஸ்தாயியின் 12 சம பங்குகளுக்குள் அடங்காத சுரங்களைக் கையாள்வதே மைக்ரோடோனல் இசை. பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம், அதாவது 100 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு). 5:4 விகிதத்தில் இயல்பாக இழையும் அந்தர காந்தாரமோ ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட்டில் இருக்கிறது. பியானோ அதை 400 ஆக்கிவிடுகிறது, சில்லறை இல்லாத கடைக்காரர் 386 ரூபாய்க் கணக்கை 400 ஆக்குவதுபோல.

இதைச் சரிசெய்ய மிடியில் (மின்னிசைக் கருவிகளுக்குச் சுரக் கட்டளைகளை அனுப்பும் முறை) சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் கட்டளை போதும். அதன் வீச்சு, அதாவது அதிகபட்சம் ஏற்றி இறக்கும் அளவு, ±2 அரைச்சுரம் என்றால் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 41 அலகு. 14 சென்ட் (துல்லியமாக 13.7) இறக்க, நடுமதிப்பான 8192-ஐ ஏறத்தாழ 7630 ஆக்குங்கள். சில சீக்வென்சர்களில் நடு 0; அங்கே -560. சுரம் தொடங்குவதற்குச் சற்று முன்பே இந்த மதிப்பை வையுங்கள், இல்லாவிட்டால் வழுக்கல் கேட்கும். சிந்தசைசரில் வீச்சு 12 என்றிருந்தால் கணக்கே தவறிவிடும். முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். பெண்ட் ஒரு மிடி சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து இழுக்கும் என்பதால், சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்குத் தனித்தனிச் சேனல் கொடுங்கள் (10 பெரும்பாலும் தாளவாத்தியத்துக்கு, அதை விட்டுவிடுங்கள்).

இந்திய இசையில் பேசப்படும் 22 சுருதி என்றால் ஸ்தாயியை 22 சமபங்காக வெட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வெட்டினால் பஞ்சமமே 702-க்குப் பதில் 709 சென்ட்டில் விழும்.