சுண்டெலியின் தமனிப் படிவை மைக்ராஸ்கோப் படத்தில் அளப்பது எப்படி?

தமனிச் சுவருக்குள் கொழுப்பும் செல்களும் சேர்ந்து தடித்த இடம்தான் படிவு. பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்தைச் சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றினால் கொழுப்பு சிவப்பாகத் தெரியும். அப்புறம் இமேஜ்ஜே மென்பொருளில் படிவின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்தால் பரப்பளவு கிடைக்கும்.

ஆனால் முதலில் அளவுகோலை, அதாவது எத்தனை பிக்சல் சேர்ந்தால் ஒரு மைக்ரான் என்பதை, மென்பொருளுக்குக் கொடுங்கள். மென்பொருளுக்குத் தெரிந்தது பிக்சல் மட்டுமே. அளவுகோல் இல்லாத வரைபடத்தில் இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். லென்ஸை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும், தயவுசெய்து மறக்காதீர்கள். படிவு இடத்துக்கு இடம் மாறுவதால் பல சீவல்களின் சராசரியை எடுங்கள்.

சிவப்பு மட்டும்தான் படிவு என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பேறாத நாரும் செல்களும்கூட அதில் சேர்த்திதான்.