வறுத்த வஞ்சிரத்துக்கு ஜின், நண்டுக்கு நன்னாரி ரம்

கடல் உணவுடன் எந்த மது, எந்தக் காக்டெயில் ஒத்துப்போகும், அதில் உங்கள் சொந்த விருப்பம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் உட்கார்ந்து பதில் சொல்வதென்றால், தட்டில் இருப்பது என்ன மீன் என்பதைவிட அதன்மேல் ஏறியிருக்கும் மசாலா என்ன என்பதைப் பார்த்துத்தான் நான் குடிப்பதை முடிவு செய்வேன். பொருத்தம் பார்த்துச் சொல்லும் மேல்நாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் வெண்ணெயில் வாட்டிய மீனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புளியும் மல்லித்தூளும் வற்றல் மிளகாயும் சேர்ந்த நம் சட்டிக்கு அவை அவ்வளவாக உதவுவதில்லை.

விஸ்கியையோ பிராந்தியையோ தண்ணீர் அதிகம் கலக்காமல் குடித்துக்கொண்டு, இடையிடையே காரமான மீன் வறுவலைக் கடித்துக்கொள்வது இங்கே பலருக்கும் பழக்கம். எனக்கு அது ஒத்துவருவதே இல்லை. சூட்டை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகள் வழக்கமாக ஏறக்குறைய 42 டிகிரி வெப்பத்தில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. மிளகாயின் காரமும் அதே முனைகளைத்தான் தூண்டுகிறது என்பதால், 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கியோ பிராந்தியோ காரத்தைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுகிறது. நாக்கு எரியும்போது மீனின் சுவையும் தெரியாது, விஸ்கியின் சுவையும் தெரியாது. ஆகவே காரமான மீனுக்கு என் விதி: நன்றாக நீர்த்த, புளிப்பான, மிகவும் குளிர்ந்த பானம்.

சிவப்பு ஒயினை நான் மீனோடு சேர்ப்பதில்லை. அதில் இருக்கும் இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து வாயில் ஒரு கவிச்சி வாடையை எழுப்பிவிடும்.

வஞ்சிரம் வறுவலுக்கு என் தேர்வு ஜின். காரணம் எளிது. ஜின்னுக்கு அடிப்படை வாசனை தருவது ஜூனிபர் காய் என்றாலும், அதற்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களில் சேர்வது கொத்தமல்லி விதை. நம் மீன் மசாலாவிலும் அதே மல்லிதான் இருக்கிறது. ஒரு பங்கு ஜின்னுக்கு நான்கு பங்கு சோடா, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவு போதும். டானிக் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தாலும் அந்த உப்பை விடமாட்டேன், ஏனென்றால் டானிக்கில் இருக்கும் குயினைனின் கசப்பை உப்பு அடக்கிவிடும். நெத்திலி வறுவலுக்கும் இதையே குடிப்பேன்.

நண்டுக்கு வரும்போது ஜின்னை ஒதுக்கிவிடுவேன். நண்டுச் சதையில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. மிளகும் சீரகமும் இடித்துப் போட்டுப் பிரட்டிய நண்டானாலும், நம் ஊர் மெஸ்களில் தோசைக்கல்லில் ஊற்றித் தரும் நண்டு ஆம்லெட்டானாலும், அந்த இனிப்பு தூக்கலாகத் தெரியும். அதற்கு நான் கலப்பது, மரப் பீப்பாயில் ஊறிய கறுப்பு ரம்மும் நன்னாரியும். ஜிகர்தண்டாவில் ஊற்றுகிறார்களே, அதே நன்னாரிதான். கடைகளில் நிறம் சேர்த்து விற்கும் சர்பத்தில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. ஆகவே நாட்டு மருந்துக் கடையில் வேரை வாங்கி, நடுத்தண்டை நீக்கி, பட்டையை மட்டும் இடித்து வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்த நீரில் சர்க்கரை சேர்த்துப் பாகாக்கிக்கொள்கிறேன். வேரை அடுப்பில் வெகுநேரம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஒரு பங்கு ரம், அரைப் பங்கு பாகு, முக்கால் பங்கு எலுமிச்சைச் சாறு எடுத்து, ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கி, மேலே சோடா ஊற்ற வேண்டும். கியூபாவின் டைக்கிரி காக்டெயிலுக்கு இது தூரத்து உறவு; அதிலும் ரம், எலுமிச்சை, இனிப்பு என்ற மூன்றுதான்.

ரம்மும் நன்னாரியும் ஏன் இவ்வளவு இணங்கிப்போகின்றன என்பதற்கு வேதியியலில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ரம்மில் வரும் வெனிலா வாசனைக்குக் காரணம் ஓக் மரத்திலிருந்து இறங்கும் வெனிலின். நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளோ, அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் வேறு வரிசையில் அமைந்த, வெனிலினின் உடன்பிறப்பு. ஒன்று இன்னொன்றை மறைக்காமல், ஒரே வாசனையின் இரண்டு பக்கங்களாக வருவதைக் குடித்துப் பார்த்தால் உணரலாம்.

எந்தப் பானமானாலும் பழைய மீனைக் காப்பாற்றாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் மதுரை கரிமேடு மீன் சந்தைக்குப் போனால், நாட்டுப்படகில் பிடித்த சிறு மீன் கிடைத்தால் வாங்குவேனே தவிர, பல நாள் ஐஸில் கிடந்த வஞ்சிரத்தைத் தொடமாட்டேன்.

அயிரை மீன் குழம்பைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். அது கடல் மீன் அல்ல, கண்மாய் மீன். கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி வைக்கும் அந்தக் குழம்போடு எந்த மதுவையும் சேர்க்க எனக்கு மனமில்லை. அதற்குச் சூடான சோறு போதும்.

குடிக்காதவர்கள் விருந்துக்கு வந்தால், அதே நன்னாரிப் பாகு, எலுமிச்சை, சோடா ஆகியவற்றோடு ரம்முக்குப் பதிலாக இரண்டு சிட்டிகை மிளகுப் பொடி சேர்த்துக் கொடுக்கிறேன். நண்டுக்கு அதுவும் குறையாகத் தெரியவில்லை.