பழைய நோட்டின் ஓரங்கள்

கேள்வி: சிறுவயதில் நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் படம் வரைந்துகொண்டே இருப்பேன். அதுவே தொழிலாகி 12 வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது பென்சிலைத் தொடவே மனம் வருவதில்லை. அந்தப் பழைய ஆசை திரும்பி வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வரும். எனக்கு வந்தது, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு விளையாட்டு நேரத்தில் தாங்களாக வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. உங்களுக்கு 12 வருடச் சம்பளமும் கெடு தேதிகளும்!

எழுத்தில் நானும் இப்படி வறண்டு கிடந்தேன். அலமாரியின் அடித்தட்டில் என் 14 வயது டைரி கிடைத்தது. ஒரே ஒரு மழைநாள் மாலையைப் பற்றி ஒன்பது பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை, மை மட்டும் இரண்டு இடத்தில் கசிந்திருந்தது. யாருக்காகவும் எழுதாத கை அது. அன்றே ஒரு நோட்டு வாங்கி, ‘யாருக்கும் காட்டமாட்டேன்’ என்று முதல் பக்கத்தில் எழுதினேன். மூன்று வாரம் ஒன்றுமே தேறவில்லை. நான்காவது வாரம் ஒருநாள், நிமிர்ந்து பார்த்தால் நள்ளிரவு.

வேலையை விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, கோடு போட்ட சாதாரண நோட்டை எடுத்து, அதன் ஓரத்திலேயே ஆரம்பியுங்கள். ஆறு மாதத்துக்கு எவருக்கும் காட்டவேண்டாம், வீட்டில் கேட்டாலும்கூட.