கையெழுத்துப் போட்டேன், ஆனால்… : அமெரிக்க அதிபரின் கையொப்ப அறிக்கை பற்றிய கேள்வி பதில்

நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் கையெழுத்திடும் அமெரிக்க அதிபர், சில வேளைகளில் கூடவே ஓர் அறிக்கையும் வெளியிடுவார். பெரும்பாலும் நன்றியும் பாராட்டுமாக இருக்கும். சிலவற்றில் மட்டும், “இந்தப் பிரிவு என் அதிகாரத்தில் தலையிடுகிறது, நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்வேன்” என்ற வரிகள் வரும். வாசகர்களின் கேள்விகள் எல்லாம் அந்த வரிகளைப் பற்றித்தான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: அரசியல் சட்டத்தில் இதற்கு எங்கே இடம் இருக்கிறது?

எங்கும் இல்லை. முதல் உறுப்பின் ஏழாம் பிரிவு அதிபருக்குச் சில வழிகளைத்தான் தருகிறது. கையெழுத்திடலாம், ஆட்சேபங்களை எழுதித் திருப்பி அனுப்பலாம் (இதுதான் வீட்டோ). ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் பேசாமல் இருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். அதற்குள் நாடாளுமன்றம் கூட்டத்தை ஒத்திவைத்துப் போய்விட்டால் மசோதாவும் போய்விடும். ஆட்சேபம் எழுதுவது திருப்பி அனுப்பும்போது மட்டுமே. கையெழுத்தையும் போட்டுவிட்டு ஆட்சேபமும் எழுதுவது வழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

சட்டக் கல்லூரி மாணவர்: ஜார்ஜ் டபிள்யூ. புஷ்தானே இதைத் தொடங்கிவைத்தார்?

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. 1830இல் ஆண்ட்ரூ ஜாக்சன், டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ நோக்கிப் போகும் சாலைக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். சாலை மிச்சிகன் எல்லையைத் தாண்டாது என்ற புரிதலோடு கையெழுத்திடுவதாகக் குறிப்பும் எழுதினார். நாடாளுமன்றம் அப்படி ஒரு நிபந்தனை போடவில்லை! 1842இல் ஜான் டைலர் இதேபோல எழுதியபோது, முன்னாள் அதிபரும் அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் தலைமையிலான குழு, அரசு ஆவணத்தைச் சிதைக்கும் செயல் என்று கண்டித்தது.

இதை ஒரு திட்டமாக்கியது ரீகன் அரசு. 1986இல் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ், சட்டங்களின் பின்னணி ஆவணங்களைத் தொகுத்து வெளியிடும் தனியார் பதிப்பகத்திடம் பேசி, கையொப்ப அறிக்கைகளையும் அதில் சேர்க்கவைத்தார். நீதிபதிகளின் கண்ணில் அவை பட வேண்டும் என்பதுதான் நோக்கம். மசோதா சட்டமாவதற்கு அதிபரின் சம்மதமும் தேவை என்பதால், அவருடைய புரிதலுக்கும் இரு அவைகளுக்கு இணையான மதிப்பு உண்டு என்று வாதிட்டு அந்த ஆண்டு குறிப்பு எழுதிய நீதி அமைச்சக அதிகாரி, சாமுவேல் அலிட்டோ. இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்: பிடிக்காத பிரிவு இருந்தால் வீட்டோ செய்ய வேண்டியதுதானே?

வீட்டோ செய்தால் முழு மசோதாவும் விழும். ஆண்டுச் செலவு முழுவதையும் அடக்கிய ஆயிரம் பக்க மசோதாவை, நாலு வரிக்காக எந்த அதிபரும் திருப்பி அனுப்பத் துணிவதில்லை. கறிவேப்பிலையை மட்டும் இலையோரம் ஒதுக்குவதுபோலச் செலவினங்களை ரத்துசெய்யும் அதிகாரத்தை 1996இல் நாடாளுமன்றமே அதிபருக்குத் தந்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது.

அதிபர் உண்மையாகவே இக்கட்டில் மாட்டிக்கொள்வதும் உண்டு. 1943இல், போர்க்காலச் செலவுக்கான மசோதா ஒன்றில், மூன்று அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் தரக்கூடாது என்ற பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். நாட்டுக்கு எதிரானவர்கள் என்பது அவர்கள்மீதான குற்றச்சாட்டு. போருக்கு நடுவே பணத்தை நிறுத்த முடியாமல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றும் பகிரங்கமாகச் சொன்னார். 1946இல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதே சரி என்றது. மூவருக்கும் சம்பளம் கிடைக்க வழி பிறந்தது. எனவே அறிக்கை வெளியிடுவதே தவறு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பத்திரிகை வாசகர்: பிறகு புஷ்மீது மட்டும் ஏன் அத்தனை கோபம்?

எண்ணிக்கை ஒரு காரணம். அவருடைய அறிக்கைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளைக் கேள்விக்குள்ளாக்கின. ஆனால் ஊரைக் கொதிக்கவைத்தது ஒரே ஓர் அறிக்கை. கைதிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடைசெய்யும் செனட்டர் ஜான் மெக்கெய்னின் திருத்தம், 2005 அக்டோபரில் செனட்டில் 90க்கு 9 என்று நிறைவேறியது. முதலில் எதிர்த்த வெள்ளை மாளிகை டிசம்பரில் இறங்கிவந்தது; மெக்கெய்னைப் பக்கத்தில் அமரவைத்து புஷ் உடன்பாட்டை அறிவித்தார். புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையான டிசம்பர் 30 அன்று கையெழுத்தானது. உடன் வந்த அறிக்கையோ, நிர்வாகத்தின் தலைவர், படைகளின் தலைமைத் தளபதி என்ற தம் அதிகாரங்களுக்கு இசைவாகவே இதைப் பொருள்கொள்ளப் போவதாகச் சொன்னது. “தடை உண்டு; அவசியம் என்று நான் நினைத்தால் இல்லை” என்றுதான் பலரும் அதைப் படித்தார்கள். நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

சட்டக் கல்லூரி மாணவர்: இந்த அறிக்கைக்குச் சட்ட வலிமை உண்டா?

கிடையாது. சட்டத்தின் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றாது. நீதிமன்றங்கள் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதும் இல்லை. அறிக்கை யாருக்கு எழுதப்படுகிறது என்று பாருங்கள். மேசையில் சட்டத்தை வைத்துக்கொண்டு, “இதைச் செய்யவா வேண்டாமா” என்று யோசிக்கும் அரசு அதிகாரிக்கு. பெரும்பாலான பிரிவுகள் நீதிமன்றப் படியேறுவதே இல்லை. வழக்குப் போடும் அளவுக்கு நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் இருக்க மாட்டார். அங்கே அதிகாரி செய்வதுதான் சட்டம்.

அதே மாணவர்: அதிகாரிகள் உண்மையிலேயே அப்படி நடக்கிறார்களா?

நல்ல கேள்வி. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் இதைச் சோதித்தது. புஷ் ஆட்சேபித்த பிரிவுகளில் 19ஐ எடுத்துப் பார்த்தார்கள். 10 பிரிவுகள் எழுதியபடியே நிறைவேறியிருந்தன, 6 நிறைவேறவில்லை, மூன்றுக்கு வேலையே வரவில்லை. அந்த ஆறுக்கும் அறிக்கைதான் காரணமா என்று தணிக்கையாளர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு துறை பணத்தை இடம் மாற்றும்முன் நாடாளுமன்றக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற பிரிவுகள், சாதா (Chadha) என்பவரின் வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் செல்லாதவை. ஆனாலும் நாடாளுமன்றம் அவற்றை எழுதிக்கொண்டே இருக்கிறது. அதிபர்களும் “தகவல் மட்டும் தருவோம்” என்று அறிக்கை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். துறை அதிகாரிகளோ ஓசைப்படாமல் குழுவிடம் ஒப்புதல் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பணமும் அதே குழுவிடமிருந்துதானே வர வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் வாசகி: ஒபாமா இதை நிறுத்தினாரா?

நிறுத்துவதாக அவர் சொல்லவில்லை. அளவோடு பயன்படுத்துவோம் என்று 2009 மார்ச் 9 அன்று குறிப்பாணை வெளியிட்டார். இரண்டே நாளில், செலவு மசோதா ஒன்றில் ஆட்சேபங்களோடு கையெழுத்திட்டார். எதிர்க்கட்சியில் இருக்கும்போது இதைத் திட்டுவதும், நாற்காலியில் அமர்ந்ததும் பேனாவை எடுப்பதும் இரு கட்சிகளுக்கும் பழக்கம். டிரம்ப் 2017இல் ரஷ்யத் தடைச் சட்டத்திலும் 2020இல் கொரோனா நிவாரணச் சட்டத்திலும், பைடன் குவாண்டனாமோ ராணுவச் சிறைக் கைதிகளை இடம் மாற்றுவதற்கான கட்டுப்பாடுகளிலும் இதையே செய்தார்கள்.

இன்னொரு வாசகர்: ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பிறகு, அதிபரின் ஆட்சேபம் நீதிமன்றத்தில் வென்றது உண்டா?

உண்டு, அதுவும் ஒரு கடவுச்சீட்டால். ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கர் கேட்டால், பிறந்த நாடு “இஸ்ரேல்” என்று பதிய வேண்டும் என்றது 2002இன் ஒரு சட்டம். புஷ் கையெழுத்திட்டார், இது கட்டாயம் என்றால் வெளியுறவு அதிகாரத்தில் தலையீடு என்றும் எழுதினார். சில வாரங்களில் அங்கே பிறந்த ஒரு குழந்தையின் பெற்றோர் கேட்டபோது, அந்த நகரம் எந்த நாட்டுடையது என்று சொல்வதைத் தவிர்த்துவந்த வெளியுறவுத் துறை “ஜெருசலேம்” என்று மட்டும் அச்சிட்டது. அந்தக் குடும்பம் தொடுத்த ஜிவோடோஃப்ஸ்கி வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் போனது. 2015இல், ஒரு நாட்டை அங்கீகரிப்பது அதிபரின் தனி உரிமை என்று தீர்ப்பானது. புஷ்ஷின் ஆட்சேபம் ஒபாமா ஆட்சியில் வென்றது. 2020இல் டிரம்ப் அரசு கொள்கையை மாற்றிய பிறகு, வாலிபனாகிவிட்ட அந்தப் பிள்ளையின் கடவுச்சீட்டில் “இஸ்ரேல்” வந்தது.

ஓய்வுபெற்ற ஊழியர்: நாடாளுமன்றம் தடுக்க முடியாதா?

செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் 2006இல் முயன்றார். நீதிமன்றங்கள் இந்த அறிக்கைகளைப் பொருட்படுத்தக்கூடாது, நாடாளுமன்றமே வழக்குத் தொடுக்கலாம் என்பது அவருடைய மசோதா. நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தாலும் அதில் கையெழுத்திட வேண்டியவர் அதிபர்தான்.